முன்பாத வலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலை ஊன்றி, குதிக்காலைத் தூக்கி, அடுத்த அடிக்கு உந்தும் கணத்தில் உள்ளங்காலின் முன்பகுதியில் ஏற்படும் நோவைப் பற்றிக் கொழும்பில் வாழும் தமிழர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. காலைத் தொட்டுப் பார்த்து ஒரு மருத்துவர் சொல்வதற்கு இது மாற்றாகாது. ஆனால் அவரிடம் எப்போது போக வேண்டும், அதற்கு முன் வீட்டில் எதைச் செய்யலாம் என்பதைத் தீர்மானிக்க உதவும்.

உள்ளங்கால் நோகிறது. அது குதிக்கால் வலியா, முன்பாத வலியா என்று எப்படி அறிவது?

கதிரையில் இருந்து, நோகும் காலை மற்றத் தொடையின் மேல் வைத்து, கைப்பெருவிரலால் உள்ளங்காலைக் குதிக்காலிலிருந்து முன்னோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். விரல்கள் தொடங்குவதற்குச் சற்று முன்னதாக, தோல் தடித்து மெத்தையாக இருக்கும் பகுதியில் நோ எடுத்தால் அது முன்பாத வலி. குதிக்கால் வலி காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடிகளில் கடுமையாக இருந்து, சற்று நடந்ததும் தணியும். முன்பாத வலியோ பெரும்பாலும் காலையில் அவ்வளவாகத் தெரியாமல், நின்று நடந்து பொழுது சாயச் சாயக் கூடி, இருந்து காலை நீட்டியதும் குறையும். சிறு கல்லொன்றை மிதிப்பதுபோல இருக்கிறது என்றோ, காலுறை சப்பாத்துக்குள் சுருண்டு கிடப்பதுபோல இருக்கிறது என்றோ பலர் சொல்வார்கள்.

இந்த வேறுபாடு வெறும் பெயர் தொடர்பானதன்று. உள்ளங்கால் நோவென்றாலே குதிக்கால் எலும்பு வளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, பாமசியில் ஒரு குதிக்கால் மெத்தையை வாங்கிச் சப்பாத்துக்குள் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. முன்பாத வலி உள்ளவருக்கு அது நேர்மாறான பலனைத் தரக்கூடும். குதிக்கால் உயர உயர உடற்பாரம் முன்னால் சரிந்து, ஏற்கெனவே நோகும் இடத்திலேயே போய் விழும்.

அந்த இடம் ஏன் நோகிறது?

பாதத்தின் நடுவிலிருந்து விரல்களை நோக்கி ஐந்து நீண்ட எலும்புகள் ஓடுகின்றன. அவற்றின் முனைகள்தான் முன்பாதத்தில் தரையைத் தாங்குகின்றன. நிற்கும்போது முன்பாதத்துக்கு வரும் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பெருவிரலுக்குரிய எலும்புமுனை, தன் கீழுள்ள இரண்டு சிறு எலும்புகளின் துணையோடு ஏற்கிறது. மிகுதியை மற்ற நான்கும் பகிர்ந்துகொள்கின்றன. இந்தப் பங்கீடு குலைந்து, ஓரிரு முனைகள் தமக்குரியதை விட அதிகமாகச் சுமக்க நேரும்போது, அவற்றைச் சூழவுள்ள மூட்டுறையும் கொழுப்பு மெத்தையும் நரம்பும் எரிச்சலடைகின்றன. மருத்துவர்கள் இதனை மெட்டாடார்சல்ஜியா என்பார்கள். அது நோ இருக்கும் இடத்தைச் சொல்லுமேயன்றி, நோவின் காரணத்தைச் சொல்லாது. ஆகவே மருத்துவச் சீட்டில் அந்தப் பெயர் எழுதப்பட்டிருந்தால், எதனால் வந்தது என்ற அடுத்த கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.

பங்கீட்டைக் குலைப்பவை பல. குதி உயர்ந்த சப்பாத்து, விரல்களை நெருக்கும் கூர்முனைச் சப்பாத்து, தேய்ந்து மெலிந்த பாட்டா ஆகிய மூன்றையும் முதலில் சொல்ல வேண்டும். பெருவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சரிந்து பக்கவாட்டில் எலும்பு புடைத்திருப்பவர்களுக்குப் பெருவிரலின் பங்கும் சேர்ந்து இரண்டாம் விரலின் மேல் விழும். பிறப்பிலேயே இரண்டாம் விரலின் எலும்பு நீண்டிருப்பவர்கள், பாதவளைவு மிக உயர்ந்தவர்கள், விரல்கள் கொக்கிபோல் மடங்கியவர்கள் ஆகியோருக்கும் இது எளிதில் வரும். வயதேற ஏற முன்பாதத்தின் கொழுப்பு மெத்தை மெலிவதால் ஐம்பது, அறுபதைத் தாண்டியவர்கள் முன்பு தாங்கிய அதே தரையை இப்போது தாங்க முடியாமல் போகிறார்கள். உடல் எடை கூடுவதும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை.

பலரும் எண்ணிப் பார்க்காத காரணம் ஒன்று காலின் பின்புறத்தில் இருக்கிறது. கெண்டைக்கால் தசை இறுகியிருந்தால் கணுக்கால் போதிய அளவு மடங்காது. அதனால் நடக்கும்போது குதிக்கால் உரிய நேரத்துக்கு முன்னரே தரையை விட்டு எழும்பிவிடும். முழுப் பாரமும் முன்பாதத்தில் நீண்ட நேரம் நிற்கும். என் கருத்தில், சப்பாத்துக்கு அடுத்தபடியாகத் தேட வேண்டிய காரணம் இதுவே.

வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடப்பதில் தவறுண்டா?

நலமான காலுக்குத் தவறில்லை. நோகும் முன்பாதத்துக்கு உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது நம் வழக்கம். ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீடுகளில் வாழும் குடும்பங்களில் மண் தரை எங்கே இருக்கிறது? காலை ஐந்து மணிக்குக் குசினியில் அடுப்பின் முன் நிற்கத் தொடங்குபவர், இரவு பாத்திரம் கழுவி முடிக்கும்வரை டைல்ஸ் தரையில்தான் நிற்கிறார். அலுவலகத்துக்கு நல்ல சப்பாத்து வாங்கியும் நோ குறையவில்லை என்பவர்களிடம், வீட்டில் எத்தனை மணித்தியாலம் வெறுங்காலுடன் நிற்கிறீர்கள் என்று கேட்டால் விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென்று, தடித்த, மென்மையான, முன்பக்கம் எளிதில் மடங்காத செருப்பொன்றை வைத்துக்கொள்ளுங்கள். சாமியறைக்குள் போகும்போது கழற்றினால் போதும். அடுப்படியில் நிற்கும் இடத்தில் தடித்த இறப்பர் விரிப்பு ஒன்றைப் போடுவதும் நல்லது.

நோ எடுக்கும் இடத்தைக் கொண்டு காரணத்தை ஊகிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். மருத்துவர் எங்கே நோகிறது என்று கேட்கும்போது உள்ளங்கையால் பாதம் முழுவதையும் தடவிக் காட்டாமல், ஒரே விரலால் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டினால் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

இரண்டாம், மூன்றாம் விரல்களுக்குக் கீழே, தடித்த காய்ப்புடன் நோ இருந்தால் அது பெரும்பாலும் மேலே சொன்ன சுமைப் பங்கீட்டுக் கோளாறே. இரண்டாம் விரலின் அடியில் வீக்கமும் நோவும் தொடங்கி, சில மாதங்களில் அந்த விரல் மெல்லப் பெருவிரலின் பக்கம் சாயவோ அதன் மேல் ஏறவோ முற்பட்டால், மூட்டின் அடியிலுள்ள தடித்த திசுத்தகடு கிழிந்துகொண்டிருக்கக்கூடும். இதைத் தொடக்கத்திலேயே கண்டு, விரலைக் கீழ்நோக்கி இழுத்துப் பட்டியிட்டால் நிலைமை மோசமாகாமல் காக்க வாய்ப்புண்டு. விரல் முற்றாக ஏறிய பின் வந்தால் வழிகள் சுருங்கிவிடும். பெருவிரலின் நேர் கீழே, முட்டில் அழுத்தும்போது மட்டும் நோ எடுத்தால் அங்குள்ள சிறு எலும்புகளில் ஒன்று அழற்சியடைந்திருக்கலாம். பதின்ம வயதுப் பெண் பிள்ளைக்கு இரண்டாம் விரலின் அடி மூட்டு வீங்கி நொந்தால், எலும்புமுனைக்கு இரத்த ஓட்டம் குறைவதால் வரும் பிரைபெர்க் நோயையும் நினைக்க வேண்டும். 1914ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட இந்நோய் எக்ஸ்ரே படத்தில் தெரியும்.

சில வேளைகளில் காரணம் தோலில்தான் இருக்கும். காய்ப்பை நேராக அழுத்தினால் நோகும். கிருமியால் வரும் பாத மருவோ இரு பக்கமும் கிள்ளிப் பிடித்தால் அதிகம் நோகும். சீவினால் சிறு கரும்புள்ளிகள் தெரியும்.

மூன்றாம், நான்காம் விரல்களுக்கிடையே மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்கிறது. சப்பாத்தைக் கழற்றிப் பிசைந்தால் நின்றுவிடுகிறது. இது என்ன?

இது மோர்ட்டனின் நரம்புத் தடிப்பாக இருக்கக்கூடும். பிலடெல்பியாவைச் சேர்ந்த தோமஸ் மோர்ட்டன் என்ற அறுவை மருத்துவர் 1876ஆம் ஆண்டில் விவரித்ததால் அவருடைய பெயரால் வழங்குகிறது. விரல்களுக்கிடையே செல்லும் நரம்பு, எலும்புமுனைகளுக்கிடையே தொடர்ந்து நெருக்குண்டு, தன்னைச் சுற்றி நார்த்திசு படிந்து தடிக்கிறது. கட்டி என்று சொல்லப்பட்டாலும் இது புற்றுநோயன்று. ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. அலுவலகம் போகும் பஸ்ஸில் இருக்கை கிடைத்ததும் சப்பாத்தைக் கழற்றிக் காலைப் பிசைய வேண்டும்போலத் தோன்றுவதே இதன் அடையாளம் என்று சொல்லிவிடலாம். விரல்கள் விரிந்திருக்க இடம் தரும் அகன்ற சப்பாத்தும், கீழே விவரிக்கப்படும் மெத்தைத் துண்டும்தான் முதற் சிகிச்சை. இதற்கு அல்ட்ராசவுண்ட் பரிசோதனை உதவும். ஆனால் நோவே இல்லாத பலருடைய பாதங்களிலும் இத்தகைய தடிப்பு தற்செயலாகக் காணப்படுவதால், படத்தை மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவுசெய்யக் கூடாது.

மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் நெருங்குகிறது. பாதத்தின் முன்பகுதி வீங்கி நோகிறது. பயிற்சியைத் தொடரலாமா?

உடனே நிறுத்துங்கள். குதித்துமெட்டு அடவில் உடற்பாரம் முழுவதும் முன்பாதத்தில் இறங்குகிறது. தட்டடவில் பாதம் முழுவதும் தரையில் அறையப்படுகிறது. சாதாரண வகுப்புகளில் வாரத்துக்கு ஓரிரு முறை நடப்பது, அரங்கேற்றத்துக்கு முந்திய மாதங்களில் நாள்தோறும் பல மணித்தியாலமாகிவிடுகிறது. அதுவும் சீமெந்துத் தரையிலோ, மாபிள் பதித்த வரவேற்பறையிலோ நடக்கிறது. பயிற்சி இப்படித் திடீரென்று கூடும்போது எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேகத்தை விடச் சேதம் முந்திக்கொள்ள, மெல்லிய வெடிப்பு விழுகிறது. நெடுந்தூரம் அணிநடை போகும் படைவீரர்களிடம் 1855ஆம் ஆண்டிலேயே இது விவரிக்கப்பட்டது. இரண்டாம், மூன்றாம் விரல்களுக்குரிய எலும்புகளின் தண்டிலேயே பெரும்பாலும் ஏற்படும்.

சாதாரண முன்பாத வலியில் உள்ளங்கால் பக்கம்தான் நோகும். வெடிப்பில் பாதத்தின் மேற்பக்கத்திலும், எலும்பின் மேல் ஒரு விரலால் தொட்டால், கூர்மையாக நோகும். அங்கே வீக்கமும் தெரியும். ஒற்றைக் காலில் எழும்பிக் குதிக்கச் சொன்னால் பிள்ளை மறுத்துவிடும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் எதுவும் தெரியாமல் போகலாம் என்பதை முக்கியமாக நினைவில் வையுங்கள். படம் நன்றாக இருக்கிறது, ஆடலாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஐயம் நீடித்தால் மீண்டும் படம் எடுக்கவோ எம்.ஆர்.ஐ. செய்யவோ வேண்டும். வழக்கமாக ஆறு முதல் எட்டு வார ஓய்வும் விறைப்பான அடியுள்ள காலணியும் போதுமானவை. ஆனால் ஐந்தாம் விரலுக்குரிய எலும்பின் அடிப்பகுதியில் வெடிப்பு விழுந்தால் அது எளிதில் பொருந்தாது. என்பு முறிவு மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு மாதவிடாய் தவறுகிறதா, அரங்கேற்றத்துக்காக உணவைக் குறைத்திருக்கிறாரா என்றும் மருத்துவர் கேட்பார். எலும்பின் வலுவோடு தொடர்புடைய கேள்விகள் அவை, மழுப்பாமல் விடையளியுங்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டோம், அழைப்பிதழ் அச்சிட்டுவிட்டோம் என்ற பெற்றோரின் தவிப்பு விளங்குகிறது. என்றாலும் குருவிடம் பேசி நாளைத் தள்ளிவைப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

வீட்டிலேயே முதலில் என்ன செய்வது?

நோவைத் தூண்டும் வேலையைச் சில வாரங்களுக்குக் குறையுங்கள். காலி முகத்திடலிலோ சுதந்திர சதுக்கத்திலோ காலைநடை போகிறவர்கள் அதை நிறுத்தி, நீச்சலுக்கோ, குதிக்காலால் மிதித்து ஓட்டும் உடற்பயிற்சிச் சைக்கிளுக்கோ மாறலாம். நோ கூடிய நாளில் ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வரை ஒத்தடம் கொடுங்கள். ஐஸைத் தோலில் நேரடியாக வைக்க வேண்டாம். இருக்கும்போது காலை உயர்த்தி வையுங்கள். இவை ஆறுதல் தருபவை மட்டுமே. நோவைத் தீர்ப்பது அடுத்த மூன்று விடைகளில் இருக்கிறது.

எப்படிப்பட்ட சப்பாத்து வாங்க வேண்டும்?

விலையும் பெயரும் இரண்டாம் பட்சம். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளின் மேல் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரையுங்கள். இப்போது அணியும் சப்பாத்தை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். கோடு சப்பாத்துக்கு வெளியே தெரிந்தால், தெரியும் அளவுக்கு உங்கள் விரல்கள் ஒவ்வொரு நாளும் உள்ளே மடிக்கப்படுகின்றன. அலுவலகம் போகும் பெண்களில் பலர் இந்தச் சோதனையைச் செய்து பார்த்துத் திகைத்துப்போவார்கள். அந்தத் தாளையே கத்தரித்துக் கடைக்குக் கொண்டுபோனால், விற்பனையாளர் எவ்வளவு புகழ்ந்தாலும் ஏமாற வேண்டியதில்லை.

நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கைப்பெருவிரல் அகல இடம் இருக்க வேண்டும். குதி 2 அல்லது 3 சென்றிமீற்றருக்கு மேல் உயராதிருப்பது நன்று. சப்பாத்தை இரு கைகளாலும் பிடித்து மடித்தால் அது விரல்கள் மடங்கும் இடத்தில் சற்று எதிர்த்து நிற்க வேண்டும். துணிபோல் மடங்கும் சப்பாத்து மென்மையாக இருந்தாலும் முன்பாதத்தைக் காக்காது. முன்பக்கம் படகைப்போல் மேல்நோக்கி வளைந்த அடியுள்ள ஓட்டச் சப்பாத்துகள் பாதத்தை உருட்டி விடுவதால் பலருக்கு நல்ல நிவாரணம் தருகின்றன. கயிறோ பட்டியோ இருப்பதும் அவசியம். காலைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாத செருப்பில், அது கழன்றுவிடாமலிருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் மடங்கிப் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பற்றலே எலும்புமுனைகளைத் தரையில் அழுத்துகிறது. பிரதான வீதிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நிற்கும் விற்பனைப் பெண்களுக்கும், மெல்லிய பாட்டாவுடன் மூடை சுமக்கும் புறக்கோட்டை நாட்டாமிமாருக்கும் இது பொருந்தும். அவர்களில் பலருக்கு ஓட்டச் சப்பாத்து எட்டாத விலையில் இருக்கலாம். பின்பட்டி வைத்த, தடித்த அடியுள்ள சாதாரணச் செருப்பும் பாட்டாவை விட மேலானது.

மெத்தைத் துண்டை எங்கே ஒட்டுவது? நோகும் இடத்திலேயா?

இல்லை. பெரும்பாலோர் பிழைவிடுவது இங்கேதான். நோகும் எலும்புமுனையின் நேர் கீழே எதை வைத்தாலும் அங்கே அழுத்தம் கூடவே செய்யும். துண்டு அதற்குச் சற்றுப் பின்னால், குதிக்காலின் பக்கமாக, எலும்பின் தண்டைத் தாங்கும் விதமாக இருக்க வேண்டும். அப்போதுதான் முனை சற்று உயர்ந்து பாரம் பின்னால் பகிரப்படும்.

சரியான இடத்தைக் காண எளிய வழி ஒன்று உண்டு. அதிகம் நோகும் புள்ளியில் சிறிது குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். உதட்டுச் சாயமும் போதும். சப்பாத்தை மெல்ல அணிந்து, எழுந்து நின்று, சில அடிகள் வைத்துக் கழற்றினால் உள்ளடியில் சிவப்புப் பொட்டு பதிந்திருக்கும். துளி வடிவமுள்ள அந்தத் துண்டின் முன்விளிம்பு பொட்டுக்குப் பின்னால் முடியுமாறு ஒட்டுங்கள். முதலில் மெல்லிய துண்டையே தெரிவுசெய்து, நாளுக்கு ஓரிரு மணித்தியாலம் அணிந்து பழகுங்கள். பாதத்தின் நடுவில் ஏதோ கிடப்பதாகத் தெரிவது முதல் நாட்களில் இயல்பு. நோ கூடினால் துண்டைச் சில மில்லிமீற்றர் முன்னோ பின்னோ நகர்த்திப் பாருங்கள். ஆயத்தத் துண்டு கிடைக்காவிட்டால், தடித்த கம்பளித்துணியை வெட்டி அதே இடத்தில் ஒட்டித் தரும்படி தெருவோரத்தில் செருப்புத் தைப்பவரிடம் கேட்கலாம். இடத்தை நீங்களே குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

எந்தப் பயிற்சி பயன்தரும்?

கெண்டைக்காலை நீட்டுவதுதான் முதன்மையானது. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, அந்தக் காலின் முழங்காலை நேராகவும் குதிக்காலைத் தரையிலும் வைத்தபடி முன்னால் சாயுங்கள். கெண்டையில் இழுவை தெரிந்ததும் 30 வினாடி நில்லுங்கள். மூன்று முறை, நாளுக்கு இரு வேளை. பின்பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பினால் இழுவை வீணாகும். விரல்கள் சுவரை நேராகப் பார்க்கட்டும். பாதத்துச் சிறு தசைகளுக்காக, தரையில் விரித்த துவாயை விரல்களால் சுருட்டி இழுக்கும் பயிற்சியையும் சொல்வார்கள். நோ கடுமையாக இருக்கும்போதும், திசுத்தகடு கிழிந்திருக்கும் ஐயம் உள்ளபோதும் துவாய்ப் பயிற்சி வேண்டாம்.

பனடோல் போடலாமா? வேறு குளிசை?

பரசிட்டமோல் 500 மில்லிகிராம் குளிசையை வளர்ந்தவர்கள் ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டாக எடுக்கலாம். வேளைகளுக்கிடையே குறைந்தது நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். 24 மணித்தியாலத்தில் எட்டுக் குளிசைகளைத் தாண்டக் கூடாது. ஈரல் நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். ஐபுபுரோபன், டைக்ளோபினாக் போன்றவை வீக்கத்தைக் குறைக்கும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்பவர்களும் இவற்றைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. கொழும்பு வாசிகளுக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. கால் நோவுக்காக வீட்டில் கிடக்கும் ஐபுபுரோபன், டைக்ளோபினாக் குளிசையைக் காய்ச்சல் வந்த நாளில் எடுத்துவிடாதீர்கள். டெங்குவாக இருந்தால் அது இரத்தக்கசிவைக் கூட்டும். பூசும் டைக்ளோபினாக் ஜெல் பலருக்குப் பாதுகாப்பானது. உள்ளங்காலின் தடித்த தோலை ஊடுருவிச் செல்வது கடினமென்பதால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

சித்தாலேப, நோவெண்ணெய், சுடுநீர் ஒத்தடம்?

இதமாக இருக்கும். சுமைப் பங்கீட்டை மாற்றாது. காலில் உணர்வு குறைந்தவர்கள் சுடுநீரைத் தொடவே கூடாது.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. மேலே சொன்னவை எனக்கும் பொருந்துமா?

சப்பாத்தைப் பற்றிச் சொன்னவை பொருந்தும். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது பொருந்தாது. நீரிழிவு நீண்டகாலம் இருந்தால் பாத நரம்புகளின் உணர்வு குறைகிறது. நோகாததால் காய்ப்பின் அடியில் புண் உருவாவது தெரியாது. நீரிழிவுப் புண்கள் அதிகம் வரும் இடங்களில் ஒன்று இந்த முன்பாதமே. கால் ஆணிக்கென்று பாமசியில் விற்கும் அமிலப் பட்டியை ஒட்டாதீர்கள். பிளேட்டால் காய்ப்பைச் சீவாதீர்கள். ஒவ்வோர் இரவும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண் மங்கியவர்களுக்கு வீட்டிலுள்ள ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். சப்பாத்தை அணியுமுன் உள்ளே கையை விட்டுத் தடவி, கல்லோ ஆணியோ இல்லையென்று உறுதிசெய்யுங்கள். ஆண்டுக்கொரு முறையாவது கிளினிக்கில் நைலோன் இழையால் தொட்டுப் பாத உணர்வைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பாதம் சிவந்து, வீங்கி, மற்றக் காலை விடச் சூடாக இருந்தால், நோ இல்லாவிட்டாலும், அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அது தொற்றாகவோ, எலும்புகள் நொறுங்கிப் பாதம் உருக்குலையும் சார்கோட் நோயாகவோ இருக்கலாம்.

நள்ளிரவில் பெருவிரல் முட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை.

அது கவுட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரத்தத்தில் கூடிய யூரிக் அமிலம் மூட்டுக்குள் படிகமாகிறது. தாக்குதலின்போது இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் இயல்பான அளவில் காட்டக்கூடுமென்பதால், ஒரு முடிவை மட்டும் நம்பாமல் சில வாரங்களின் பின் மீண்டும் பார்ப்பார்கள். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கக்கூடும், தாமதிக்க வேண்டாம்.

இரு பாதங்களிலும் முன்பகுதி நோவதோடு, காலையில் விறைப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடித்து, கைவிரல் முட்டுகளும் வீங்கினால் முடக்குவாதத்தை நினைக்க வேண்டும். அந்நோய் முன்பாதத்தில் தொடங்குவதும் உண்டு. தொடக்க மாதங்களிலேயே மருந்தை ஆரம்பித்தால் மூட்டுகளைக் காக்க முடியும் என்பதால், சப்பாத்தை மாற்றிப் பார்ப்போம் என்று காலத்தைக் கடத்துவது இங்கே நட்டம்.

ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

ஸ்டீரொய்ட் ஊசி நரம்புத் தடிப்பிலும் சில மூட்டு அழற்சிகளிலும் சில வாரங்களோ மாதங்களோ நிவாரணம் தரும். ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் போட்டால் கொழுப்பு மெத்தை மெலியும். மூட்டின் அடித்தகடு கிழியவும் கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அடுத்த சில நாட்கள் சீனி ஏறும். சப்பாத்தும் மெத்தைத் துண்டும் முறையாக முயலப்படாமல் முதல் சந்திப்பிலேயே ஊசியை முன்மொழிந்தால், ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

அறுவைச் சிகிச்சை?

மிகச் சிலருக்கே தேவைப்படும். நீண்ட எலும்பை வெட்டிச் சற்றுக் குறுக்கும் முறையில் விரல் விறைத்துப் போகவோ, தரையைத் தொடாமல் மேலே நிற்கவோ கூடும். தடித்த நரம்பை வெட்டி எடுத்தால் அந்த இரு விரல்களுக்கிடையே மரத்த உணர்வு நிரந்தரமாக இருக்கும். ஆறு மாதமாவது மற்ற வழிகளை ஒழுங்காகச் செய்து பார்த்த பின்பே இதைப் பேச வேண்டும்.

கோயிலுக்கும் ஆடிவேலுக்கும் வெறுங்காலுடன் போகலாமா?

நோ தணிந்திருந்தால் கோயிலுக்குள் போய்வருவதில் பெரிய தீங்கில்லை. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை தாரிட்ட வீதியில் தேரோடு நடப்பது வேறு. தடித்த பருத்திக் காலுறையை அணிந்து, ஒரு பகுதி தூரத்தை மட்டும் நடக்கலாம். எலும்பு வெடிப்பு குணமாகிக்கொண்டிருப்பவர்களும், பாத உணர்வு குறைந்த நீரிழிவு நோயாளரும் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. வெயிலில் காய்ந்த தார் அவர்களுக்கு உணராமலே சுட்டுவிடும். கதிர்காமத்துக்கான பாதயாத்திரை இதைவிடப் பலமடங்கு கடினமானது. அடுத்த ஆண்டுக்கென்று நேர்ந்துகொள்ளலாம்.

எவ்வளவு காலத்தில் குணமாகும்? எங்கே காட்டுவது?

சப்பாத்து, மெத்தைத் துண்டு, கெண்டைக்கால் பயிற்சி ஆகிய மூன்றையும் விடாமல் செய்பவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மாற்றம் தெரியும். முற்றாகத் தணிய இரண்டு மூன்று மாதங்கள் செல்லலாம். இரண்டு வாரமாகியும் சற்றும் குறையாவிட்டால், நோ தூக்கத்தைக் கலைத்தால், விரல்கள் மரத்தால், பாதத்தின் மேற்பக்கம் வீங்கினால் மருத்துவரிடம் போங்கள்.

கொழும்பு தேசிய வைத்தியசாலையிலோ, களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையிலோ வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தேவைக்கேற்ப என்பு முறிவு அல்லது வாதநோய் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். கட்டணமில்லை, காத்திருக்க நேரிடும். சிறு பிள்ளையென்றால் பொரளையிலுள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் சனல் செய்து பார்ப்பவர்கள், சில நிமிடச் சந்திப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாதென்பதால், எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் கூடுகிறது, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது. பளபளக்கும் புதுச் சப்பாத்தை அணிந்து போகாமல், நாளாந்தம் அணியும் பழையதையே அணிந்து செல்லுங்கள். வீட்டுச் செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். அவற்றின் அடி எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று மருத்துவர் பார்க்க விரும்புவார்.